எங்கள் குழுவின் புதுப்பாட்டு: ‘மலை’ என்று பாடினால் ‘மாலை’ என்று கேட்கிறது

ஒழுகினசேரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாகர்கோவிலில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு குழு நடத்துகிறோம். கிடார், பேஸ், டிரம்ஸ், கீபோர்டு, அப்புறம் ஒரு வில்லுப்பாட்டுக் குடம். குடம் அடிப்பவர் எங்களைவிட இருபது வயது மூத்தவர். சின்ன வயதிலிருந்தே அம்மன் கோயில் கொடை விழாக்களில் வில்லோடு உட்கார்ந்து பழகியவர். நாங்கள் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். பேஸ் வாசிப்பதும் பாட்டு எழுதுவதும் நான். குழுவுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

இதுவரை ஆறு பாட்டு முடித்திருக்கிறோம். ஏழாவதில் மாட்டிக்கொண்டோம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் எங்கள் மாவட்டத்தில் என்ன செய்தது என்பது இங்கே பலருக்குத் தெரியும். கடலுக்குப் போன மகனுக்காகக் கரையில் நிற்கும் ஒரு அம்மாவின் பாட்டு இது. சரணத்தில் அவள் அலறி அழுகிறாள். பல்லவி இப்படி:

மலை தெரியுதா மகனே
அலை குறையுதா மகனே

கடலில் இருப்பவருக்குக் கரைக்கு முன்னால் மலைதான் கண்ணில் படும். அதை வைத்து எழுதினேன். ஆனால் மெட்டு முதலில் வந்துவிட்டது. கிடாரில் நாலு கார்டு வாசித்து, ஆங்கிலம் மாதிரி ஏதோ முனகிப் பதிவு செய்து, அதன்மேல் தமிழ்ச் சொற்களை உட்கார வைத்தோம். முதல் சுரம் நீளமானது. ‘மலை’யின் ‘ம’ அதில் போய் விழுகிறது. பாடினால் “மாலை தெரியுதா” என்று கேட்கிறது. தங்கையிடம் போட்டுக் காட்டினேன், சாயங்காலத்தைப் பற்றிய பாட்டா என்று கேட்டாள்.

மெட்டை மாற்றுவதா, சொல்லை மாற்றுவதா? இரண்டையும் விட மனசில்லை.


சந்தம் எழுதியது:

தம்பி, இது உங்களுக்கு மட்டும் வந்த தொல்லை இல்லை. தமிழில் குறிலும் நெடிலும் வேறு வேறு சொற்கள். கல்லை இழுத்தால் கால், பல்லை இழுத்தால் பால், விடு என்பதை இழுத்தால் வீடு. ஆங்கிலத்தில் ஓர் உயிரை இரண்டு தாளத்துக்கு இழுத்தாலும் சொல் பெரும்பாலும் அதே சொல்லாகத்தான் இருக்கும். அந்தப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த காது, மெட்டு போடும்போது முதல் அசையில் நீளச் சுரத்தை வைத்துவிடுகிறது. தமிழில் கணிசமான சொற்கள் குறிலில் தொடங்குபவை. மலை, கடல், அலை, மழை, கரை, மகன். உங்கள் பாட்டுக்கு வேண்டிய சொல் எல்லாமே அப்படித்தான் இருக்கிறது, பாருங்கள்.

சினிமாவில் மெட்டைத் தத்தகாரமாகச் சொல்லிக் கொடுப்பார்கள். ‘தன தான’ என்று வந்தால் குறில் எங்கே, நெடில் எங்கே என்று பாட்டெழுதுபவருக்கு உடனே தெரிந்துவிடும். ஆங்கில முனகலில் அது தெரியாது. அடுத்த பாட்டிலிருந்து முனகுவதை ‘தன’, ‘தான’ என்று முனகுங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தீரும்.

இந்தப் பாட்டுக்கு ஒரு வழி, ‘ம’வைத் தாளத்துக்குச் சற்று முன்னால் எடுத்து ‘லை’யில் தாளம் விழும்படி செய்வது. ‘லை’யை எவ்வளவு இழுத்தாலும் சொல் கெடாது.


அனந்தபுரி எழுதியது:

நான் நாகர்கோவில்காரன்தான், வேலை திருவனந்தபுரத்தில். உங்கள் முதல் இரண்டு பாட்டைக் கேட்டேன். கிடார் நன்றாக இருக்கிறது. ஆனால் சொற்கள் சென்னை சினிமாப் பாட்டிலிருந்து வந்த மாதிரி இருக்கின்றன. ‘நெஞ்சம்’, ‘வானம்’, ‘தேடல்’. நம் ஊரில் யார் அப்படிப் பேசுகிறார்கள்?

இங்கே அவியல் என்ற மலையாள ராக் குழுவைப் பற்றித் தெரிந்திருக்கும். 2003ல் அவர்கள் வந்தபோது கேரளத்து ராக் குழுக்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பாடிக்கொண்டிருந்தன. ராக் என்றால் ஆங்கிலம் என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக இருந்தது. அவர்கள் நாட்டுப்பாட்டையும் பேச்சு மலையாளத்தையும் அப்படியே எடுத்து, மொழியை மழுப்பாமல், கனத்த கிடாரின்மேல் வைத்தார்கள். சொல்லின் கடுமையே அங்கே தாளம் ஆயிற்று. முதல் ஆல்பம் வந்தது 2008ல். நடுவில் ஐந்து வருடம்! நீங்கள் ஏழு பாட்டு ஆனதும் ஆல்பம் போட நினைத்தால், தயவுசெய்து நிதானமாகச் செய்யுங்கள்.


கடற்புறத்தான் எழுதியது:

நான் அந்தக் கரைக்காரன். பாட்டு எழுத நினைத்ததற்கு முதலில் நன்றி தம்பி. ஆனால் சில விஷயம் சொல்லியே ஆக வேண்டும்.

எங்கள் பக்கத்தில் எந்த அம்மாவும் பிள்ளையை ‘மகனே’ என்று கூப்பிட மாட்டாள். ‘மக்களே’ என்பாள். ஒரே பிள்ளை என்றாலும் மக்களே, அவனுக்கு நாற்பது வயது ஆனாலும் மக்களே. ‘மகனே’ என்று கேட்டதுமே இது வேறு எங்கோ நடக்கும் கதை என்று எங்களுக்குத் தோன்றிவிடும்.

இரண்டாவது, சரணத்தில் அம்மா அலறி அழுவதாக எழுதியிருக்கிறீர்கள். நான் பார்த்தது அப்படி இல்லை. மின்கம்பங்கள் விழுந்து மாவட்டம் முழுக்கக் கரண்ட் இல்லாத நாட்கள் அவை. கோயில் வளாகத்தில் ஒரு ஜெனரேட்டர் ஓடியது. அதிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியை இழுத்து அதில் பத்துப் பதினைந்து போன் சார்ஜில் கிடக்கும். பக்கத்து வீட்டு அம்மா தன் போனைச் செருகிவிட்டு அங்கேயே நின்றாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை, கஞ்சி கொண்டு கொடுத்தால் குடிக்கவில்லை. யார் போன் அடித்தாலும் எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். அழுகை அப்புறம்தான் வந்தது. காத்திருந்த அந்த நாட்களில் கரை அமைதியாகத்தான் இருந்தது.

மலை பற்றி எழுதியது சரி. எங்கள் அப்பாமார் மலையையும் கோயில் கோபுரத்தையும் கணிச்சம் பார்த்துத்தான், அதாவது அடையாளமாக வைத்துத்தான், கடலில் தாங்கள் நிற்கும் இடத்தைத் தெரிந்துகொள்வார்கள். அந்த வரியை எடுத்துவிடாதீர்கள்.


ஒழுகினசேரி எழுதியது:

அண்ணே, இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் ஒன்றும் எழுத முடியவில்லை. சரணத்தை முழுக்க எடுத்துவிட்டேன். ‘மக்களே’ என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் ‘மகனே’ உட்கார்ந்த இடத்தில் ‘மக்களே’ உட்கார மறுக்கிறது. பாடினால் ஒவ்வொரு தடவையும் தாளத்தை இடிக்கிறது. எங்கள் டிரம்மர் பொறுமையாக எண்ணிப் பார்த்துவிட்டு, ஏதோ ஒன்று கூடுதலாக வருகிறது என்கிறான்.


பண்ணைப்புரம் ரசிகை எழுதியது:

எல்லோரும் சினிமாப் பாட்டின் வாசனை படக்கூடாது என்கிற மாதிரி பேசுகிறீர்களே, அதில் எனக்கு உடன்பாடில்லை. இளையராஜா 1976ல் சினிமாவுக்கு வருவதற்கு முன்னால் அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராகக் கட்சி மேடைகளில் பாடித் திரிந்தவர். நாற்று நடும் பாட்டும் ஒப்பாரியும் அவர் காதில் விழுந்தது படிக்கப் போய் அல்ல. அந்தக் காதோடு போய்த்தான் மேற்கத்திய இசையைக் கற்றார். அதனால்தான் வயலின் கூட்டம் பின்னால் போய்க்கொண்டிருந்தாலும் முன்னால் வரும் சொல் தமிழாகவே கேட்கிறது. ராஜா பாட்டைக் கேட்டு வளர்ந்ததற்கு நீங்கள் வருத்தப்பட வேண்டியதில்லை. அவர் எதைக் கேட்டு வளர்ந்தாரோ அதையும் சேர்த்துக் கேளுங்கள் என்று மட்டும் சொல்வேன்.

இன்னொன்று. பாட்டு அம்மாவினுடையது. பாடுவது உங்கள் கிடார் பையன். ஏன்?


சந்தம் எழுதியது:

தம்பி, உங்கள் டிரம்மர் சொன்னது முழுக்கச் சரி. ஒன்று கூடுதலாகத்தான் வருகிறது.

மகனே: ம ஒன்று, க ஒன்று, னே இரண்டு. ஆக நாலு மாத்திரை. நீங்கள் போட்டிருப்பது நாலு எண்ணிக்கை மெட்டு, அதனால் சுகமாக உட்கார்ந்தது. மக்களே: ஒற்றோடு சேர்ந்த ‘மக்’ சந்தக் கணக்கில் இரண்டு, க ஒன்று, ளே இரண்டு. ஐந்து. நாலு பேர் உட்காரும் பலகையில் ஐந்தாவது ஆளை உட்காரச் சொல்கிறீர்கள்.

அந்த அண்ணன் சொன்னதைப் படித்ததிலிருந்து எனக்கு அந்த அம்மா பேசுவது காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. நம் ஊரில் தூரத்திலிருந்து வருகிறவனைப் பார்த்து என்ன சொல்வார்கள்? அவசரப்படாதே, மெல்ல வா என்பதற்கு ‘பைய வா’ என்போம். பை இரண்டு, ய ஒன்று, வா இரண்டு. இதுவும் ஐந்து! அப்போது பல்லவி இப்படி வரும்:

பைய வா / மக்களே
பைய வா / மக்களே
மலைதெரி / யுதாமக் / களே

மூன்றாவது வரியை எண்ணிப் பாருங்கள். ‘மலைதெரி’ ஐந்து, ‘யுதாமக்’ ஐந்து, ‘களே’ மூன்று, அதன்பின் இரண்டு மாத்திரை மௌனம். சொல்லின் கடைசியில் வரும் ஐகாரம் குறுகும் என்று இலக்கணம் சொல்லும்தான். பாட்டில் ‘லை’யை இரண்டாக நிறுத்திக்கொள்ள இடம் உண்டு. ‘ம’ ஒரே மாத்திரையில் கடந்துபோகிறது, ‘லை’ நிற்கிறது. இனி யார் பாடினாலும் அது மாலை ஆகாது.

இப்படி ஐந்து ஐந்தாக எண்ணுவதைக் கண்ட நடை என்று சொல்வார்கள். முதல் வரிகள் இரண்டும் மூன்றுமாக ‘தக தகிட’, மூன்றாவது வரி மூன்றும் இரண்டுமாக ‘தகிட தக’. அலை வந்து திரும்பிப் போவது போல எனக்குக் கேட்கிறது. முப்பது வருடம் பிள்ளைகளுக்கு மாத்திரை சொல்லிக் கொடுத்தேன். ஒரு அம்மா கூப்பிடுகிற கூப்பாட்டிலேயே இவ்வளவு இருக்கிறது என்று இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.


குழித்துறை சவுண்ட் எழுதியது:

நான் மிக்சர் முன்னால் நிற்கிற ஆள், சந்தம் ஐயா அளவுக்கு இலக்கணம் தெரியாது. போன மாதம் கல்லூரி நிகழ்ச்சியில் உங்கள் குழுவைக் கேட்டேன். குடம் கேட்கவே இல்லை மக்கா. கண்ணுக்குத்தான் தெரிந்தது.

காரணம் சொல்கிறேன். பேஸ் கிடாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ் பக்கத்தில் தொடங்குகிறது. டிரம்ஸில் காலால் மிதித்து அடிக்கும் காலடி டிரம் அதற்குச் சற்று மேலே. வில்லுப்பாட்டுக் குடத்தின் வாயில் மட்டையால் அடித்தால் வரும் அந்தக் ‘கும்’ சத்தமும் அதே அடிப் பகுதிதான். மூன்று பேர் ஒரே அறையில் ஒரே நேரத்தில் பேசினால் எப்படிக் கேட்கும்? இது மிக்சரில் சரிசெய்கிற விஷயம் இல்லை. பாட்டு கட்டும்போதே முடிவு பண்ண வேண்டும். பல்லவியில் காலடி டிரம் வேண்டாம். அந்த வேலையைக் குடம் செய்யட்டும். பேஸ் மேல் தந்திகளுக்குப் போகட்டும்.

மைக்கைக் குடத்தின் வாய்க்கு நேராக வைக்காதீர்கள், அடிக்கும்போது வெளியே வரும் காற்று மைக்கில் மோதிப் ‘பொப்’ என்று வெடிக்கும். கொஞ்சம் சாய்த்து வையுங்கள். வாசிப்பவர்களுக்குக் கேட்க மேடையில் வைக்கும் மானிட்டர் பெட்டிக்கு எதிரேயும் வைக்கக் கூடாது. பெட்டிச் சத்தம் குடத்துக்குள் போய்ச் சுற்றி ஊளையிடும்.

அப்புறம் ஒன்று. ஒவ்வொரு குடத்துக்கும் ஒரு சுருதி இருக்கிறது. போனில் டியூனர் ஆப் போட்டு அண்ணாச்சியை அடிக்கச் சொல்லிப் பாருங்கள். பாட்டின் சுருதியை அதற்குப் பக்கத்தில் வையுங்கள். இம்மி குறைந்தால் குடத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள், சுருதி ஏறும்.


வியாசை எழுதியது:

குடத்தைப் பற்றிப் படித்ததும் எழுதத் தோன்றியது. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கம் மைதானத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து கட்டிய குழு. குழுவின் பெயரே சாதியற்ற தமிழர்கள் என்று எழுதிய அயோத்திதாசப் பண்டிதரை நினைத்து வைத்தது. மேடையில் 19 பேர். கானா, ராப், ராக், பறை எல்லாம் ஒரே மேடையில்.

நான் வடசென்னையில் பிறந்தவன். கானாவைச் சாவு வீட்டில் விடிய விடியக் கேட்டு வளர்ந்தேன். செத்தவர் எப்படி வாழ்ந்தார், யாருக்கு என்ன செய்தார் என்று அந்த இடத்திலேயே கட்டிப் பாடுவார்கள். அதை மேடையில் ஏற்றினால் அழகுக்கு வைத்த பொருளாக்கிவிடுவார்களோ என்ற பயத்தோடுதான் போனேன். அப்படி நடக்கவில்லை. கானா பாடுகிறவர் தன் பேச்சிலேயே பாடினார், கிடார் அவருக்காக ஒதுங்கி நின்றது. இடஒதுக்கீடு பற்றியும் மலக்குழி சாவு பற்றியும் பாடும்போது மொழியை யாரும் நாகரிகப்படுத்தவில்லை. என் பக்கத்தில் நின்ற பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், எனக்கும் தொண்டை அடைத்தது.

குடத்தை அண்ணாச்சி கையில் கொடுத்துவிட்டு நீங்கள் பாட்டைத் தனியாகக் கட்டாதீர்கள். பாட்டு கட்டும் அறையில் முதல் ஆளாக அவரை உட்கார வையுங்கள். அங்கே பாடிய இசைவாணி ஒரு பெண். ஆண்கள் நிறைந்த கானாவில் அவர் குரல் வந்தபோது வரிகளுக்கே வேறு கனம் வந்தது. ரசிகை அக்கா கேட்ட கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.


அனந்தபுரி எழுதியது:

பெண் குரல் என்றதும் வில்லிசை பூங்கனி அம்மா நினைவுக்கு வருகிறார்கள். நம் மாவட்டத்துக்காரர். 2018ல் காலமானார். கொடை மேடைகளில் வில்லின் நடுவில் உட்கார்ந்து முழுக் கதையையும் தன் குரலில் நடத்தியவர். நம் ஊர் கேட்காத விஷயம் ஒன்றும் இல்லை இது.

சரணத்துக்கு ஒரு யோசனை. வில்லுப்பாட்டில் பாட்டும் வசனமும் மாறி மாறி வரும். புலவர் கதையைப் பேசுவார், பின்னால் இருப்பவர்கள் ‘ஆமா’ போடுவார்கள், பேச்சு சூடேறிப் பாட்டாகும். சரணத்தைப் பாடாமல் பேசிப் பார்த்தால் என்ன?


ஒழுகினசேரி எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை முடிந்து வந்து எழுதுகிறேன். நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

ஐந்து எண்ணிக்கை என்றதும் டிரம்மர் தாளில் எழுதி எண்ண ஆரம்பித்தான். எனக்கும் விரல் தடுமாறியது. அரை மணி நேரம் தவறிக்கொண்டே இருந்தோம். அண்ணாச்சி பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் “என்னலே வரி, சொல்லு” என்றார். சொன்னேன். அவர் அதை இரண்டு தடவை வாய்க்குள் பேசிப் பார்த்தார். பாடவில்லை, பேசத்தான் செய்தார். “பைய வா மக்களே.” மூன்றாம் தடவை பேசிக்கொண்டே அடித்தார். ‘பை’யில் ஒரு அடி, ‘வா’வில் ஒரு சின்ன அடி, ‘மக்’கில் ஒரு அடி. எண்ணவே இல்லை. டிரம்மர் தாளை மடித்து வைத்துவிட்டு அவர் வாயைப் பார்த்தே வாசிக்க ஆரம்பித்தான். அதன்பின் ஒரு தடவைகூடத் தவறவில்லை.

குடத்தின் சுருதி ஜிக்கும் ஜி ஷார்ப்புக்கும் நடுவில் நின்றது. ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினோம், ஜி ஷார்ப்புக்கு வந்துவிட்டது. பாட்டையும் அங்கேயே மாற்றிவிட்டோம். காலடி டிரம் பல்லவியில் இல்லை. குடம் இப்போது கேட்கிறது.

பாடப்போவது கீபோர்டு வாசிப்பவனின் அக்கா. கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவர்கள். தன் குரல் கரகரப்பாக இருக்கும் என்று தயங்கினார்கள். அந்தக் கரகரப்புதான் வேண்டும் என்று கெஞ்சிக் கேட்டோம்.

சரணம், பேச்சாக:

கம்பமெல்லாம் சாஞ்ச ஊருல
ஒத்த ஜெனரேட்டரு.
சுத்தி நிக்குது நாலு தெரு.
எந்தப் போனு அடிச்சாலும்
எல்லாத் தலையும் குனியுது.
ஒரு தலை மட்டும் நிமிரவே இல்ல.

இதில் கடற்புறத்து அண்ணன் சொன்னதைத் தவிர நான் சேர்த்தது அந்தக் கடைசி வரி மட்டும்தான். அது வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன். உங்கள் சம்மதம் இல்லாமல் இதை எங்கும் போடப்போவதில்லை.


சந்தம் எழுதியது:

‘மக்’கில் விழும் அடியைக் கொஞ்சம் அழுத்தமாக விடச் சொல்லுங்கள். கூப்பிடுகிறவள் தொண்டை அங்கேதான் அடைக்கும்.


கடற்புறத்தான் எழுதியது:

படித்தேன். பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். பேச்சுப் பகுதியில் ஒன்றும் சொல்லவில்லை. “பைய வா மக்களே” வந்ததும், இதை எழுதியது யார், நம்ம கரைப் பிள்ளையா என்று கேட்டார்கள். இல்லை, நாகர்கோவில் என்றேன். கடைசி வரி இருக்கட்டும் என்றார்கள்.

ரெக்கார்டிங்குக்கு முன்னால் ஒரு நாள் சாயங்காலம் இங்கே வந்து பாடிக் காட்டுங்கள். ஆம்ப், ஸ்பீக்கர் எதுவும் வேண்டாம். அக்காவும் அண்ணாச்சியும் குடமும் போதும். நீங்கள் மற்றவர்கள் சும்மா கூட இருங்கள்.


ஒழுகினசேரி எழுதியது:

வருகிற சனிக்கிழமை வருகிறோம் அண்ணே. குடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் வேண்டும்.